ஒரு நிமிட மௌனத்தில் ஆறு சொடுக்குகள்

“வாயில ஏதோ தளர்ந்திருக்கு மேடம்” என்றார் தர ஆய்வாளர்.

“பல்லை எடுத்துட்டேங்க” என்றாள் அத்தை.

“எந்தப் பல்லு?”

“கீழ்வரிசை. இடது பக்கம். கடைசிக்கு முந்தினது.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “அப்ப அது இல்ல போலிருக்கு. நேத்து அனுப்பின அத்தியாயத்துலயும் சொடுக்குச் சத்தம் வருது. வேற பல்லா இருக்கும்.”

“வேற பல்லுன்னா, எதுங்க?”

“அதை நான் எப்படி மேடம் சொல்ல முடியும். நான் டாக்டர் இல்லையே.”

“படிக்கும்போது எனக்குக் கேக்கலையேங்க.”

“நம்ம வாய்ச் சத்தம் நமக்குக் கேக்காது. வயசானா வாய் தளர்றது இயல்புதான். குத்தமா சொல்லலை.”

“மிச்சம் நாலு அத்தியாயம் இருக்குங்களே.”

“மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள ஒரு அத்தியாயம் சுத்தமா வந்தா பார்க்கலாம். இல்லைன்னா கணினிக் குரல்ல ஓட்டிட வேண்டியதுதான். பசங்களுக்குப் பரீட்சை வருதுல்ல.”

“புரியுதுங்க. நன்றிங்க.”

கன்னம் வீங்கியிருந்ததால் அத்தையால் தொலைபேசியைக் காதில் வைக்க முடியவில்லை. மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுப் பேசினாள். அதனால் வீடே அதைக் கேட்டது. எதிரே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அடுக்களையிலிருந்து மாமாவின் குரல்தான் வந்தது.

“பல்லையும் கொடுத்துட்டு நன்றியும் சொன்ன ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அத்தை. வீக்கத்தினால் அது பாதிதான் வார்த்தையாக வெளியே வந்தது.

பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றுக்கு அத்தை பதினோரு வருடமாகப் புத்தகம் வாசிக்கிறாள். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நீதிமன்ற வளாகத்தில் தட்டச்சுப் பணி. மனுக்களை அடித்து முடித்ததும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டுவாள். கையெழுத்துப் போடப்போகிறவர், தான் எதில் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அங்கேதான் அவள் வாசிப்பு அப்படிப் பழகியது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்கும். மாணவர்கள் அவளுக்குக் ‘கமா அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வாசித்தால் கமா கூடக் காதில் விழுகிறதாம். இப்போது கையில் இருந்தது ஒப்பந்தச் சட்டப் பாடநூல். பதினெட்டு அத்தியாயத்தில் பதினாலு முடிந்திருந்தது.

அந்த வீட்டில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை யாரும் பாத்திரத்தைத் தொடக்கூடாது. உள்ளறையில் போர்வைகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே கிறீச்சிடாத நாற்காலி ஒன்றைப் போட்டு அத்தை உட்காருவாள். குளிர்சாதனப்பெட்டி உறுமும் என்பதால் அதை அணைத்துவிட்டு, வீட்டுச் சாவியை எடுத்து அதற்குள்ளே வைத்துவிடுவாள். வெளியே போக வேண்டுமானால் சாவிக்காக அதைத் திறந்தே தீரவேண்டும், திறந்தால் மறுபடி ஓடவிடுவது நினைவுக்கு வரும். இது ஒலிப்பதிவுக்காரர்களிடம் அவள் கற்றுக்கொண்ட வித்தை. “இந்த வீட்டுச் சாவி மட்டும் எப்பவும் ஜில்லுனு இருக்கும்” என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஒவ்வொரு பதிவையும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். தேதி சொல்லுவாள், கிழமை சொல்லுவாள், அத்தியாய எண் சொல்லுவாள். பிறகு “மௌனம்” என்று சொல்லிவிட்டு ஒரு முழு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் நூலகத்தில் இருந்த ஒலிப்பதிவாளர்கள் அந்த அறை மௌனத்தைத் துண்டு போட்டு, இருமலும் தும்மலும் வந்த இடங்களில் ஒட்டுவார்கள். இப்போது அந்த வேலையை ஏதோ மென்பொருள் செய்கிறது. முதல் நிமிடத்தைக் கேட்காமலே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அத்தை மட்டும் விடவில்லை. சொல்லிக் கொடுத்தபடி செய்துகொண்டிருந்தாள்.

சொடுக்குப் பிரச்சினை கிளம்பி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தர ஆய்வாளரிடமிருந்து முதல் குறிப்பு வந்தது: ‘வாய்ச் சொடுக்கு. எச்சில் அல்லது பல் காரணமாகலாம். சரிசெய்து அனுப்பவும்.’ அத்தை வாசிப்புக்கு முன்னால் பால் குடிப்பதை நிறுத்தினாள். ஆப்பிள் கடித்தாள். அரைமணிக்கு ஒருதரம் வெந்நீர் கொப்பளித்தாள். அடுத்தடுத்த குறிப்புகளும் அதையே சொல்லின. பல் மருத்துவர் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று லேசாக ஆடுகிறது, எடுத்தாலும் எடுக்கலாம், விட்டாலும் பல வருடம் நிற்கும் என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். வாசிக்கிற வாயில் சத்தம் போடுகிற பல் எதற்கு என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் அண்ணன் மகளால் தாங்க முடியவில்லை. எங்கோ ஓர் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் ‘வாய்’ என்று ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தார். ஒரு பல் போய்விட்டது. அதற்கு அவர் சொன்ன பதில், வேறு பல்லாக இருக்கும்.

அவள் அந்த வீட்டில் தங்கி, பக்கத்து மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தாள். இரண்டு மொழியில் படித்தவள். நாள் முழுக்க நோயாளி சொல்வதை மருத்துவருக்கும் மருத்துவர் சொல்வதை நோயாளிக்கும் சொல்லிச் சொல்லி, தன் சொந்த வார்த்தைக்கு வாய் திறப்பது அவளுக்கு அபூர்வம். அந்தத் தொலைபேசி உரையாடலில் குறுக்கே புகுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்று அன்று முழுக்க அவளுக்கு உறுத்தியது. விடுமுறை நாள் வந்ததும் அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

“நீ என்ன பண்ணப் போறே?” என்றாள் அத்தை.

“சும்மா பார்க்கிறேன் அத்தை.”

“எதையாவது அழிச்சிடாதே.”

ஒலிவாங்கியிலிருந்து வரும் குரல் முதலில் ஒரு சிறு ஒலிப்பெட்டிக்குப் போகும், அங்கிருந்து கம்பி வழியாகக் கணினிக்குள் போகும். அவள் கம்பியை மாற்றினாள். வேறு துளையில் செருகிப் பார்த்தாள். சொடுக்கு போகவில்லை. தெருமுனைக் கணினிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “உங்க வீட்டுல கரன்ட் சரியில்ல” என்றார். மின்வாரியத்தில் கேட்டபோது கடைக்காரரைக் கைகாட்டினார்கள். ஒலிப்பெட்டி செய்த நிறுவனத்துக்கு இணையத்தில் எழுதினாள். உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம் என்று உடனே பதில் வந்தது. மூன்று நாள் கழித்து, அந்த மாதிரிப் பெட்டிக்கு இப்போது உதவி கிடையாது, புதியதை வாங்கலாம் என்று இன்னொன்று வந்தது. பெட்டி எதிரே பச்சை விளக்கு எரிய நன்றாக உட்கார்ந்திருந்தது. அதைச் செத்ததாகக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

“என் பல்லுக்குச் சொன்ன மாதிரியே இருக்கு” என்றாள் அத்தை. “விட்டாலும் நிக்கும், ஆனா எடுத்துடுங்க.”

மறுவாரம் அண்ணன் மகள் தர ஆய்வாளரின் குறிப்புத் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். சொடுக்குக் கேட்ட இடங்களை அவர் நிமிடமும் விநாடியுமாகப் பட்டியலிட்டிருந்தார். பன்னிரண்டாம் அத்தியாயம்: இரண்டு நிமிடம் நாலு விநாடி, மூன்று நிமிடம் முப்பத்துநாலு, ஐந்து நிமிடம் பதினாலு, எட்டு நிமிடம் ஐம்பத்துநாலு. அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். எல்லாம் நாலில் முடிந்தன. பதின்மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தாள். எல்லாம் ஏழில் முடிந்தன.

“மாமா, கொஞ்சம் வாங்க.”

மாமா ஓய்வுபெற்ற கைக்கடிகாரப் பழுதுபார்ப்பவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது.

“பத்து விநாடிக்கு ஒருதரம்” என்றார். “நடுவுல சிலது பேச்சுச் சத்தத்துல அமுங்கியிருக்கு. இது வாய் இல்லம்மா. உங்க அத்தை வாய் என்னிக்கு நேரம் பார்த்துச் சத்தம் போட்டுது.”

அண்ணன் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டியலை அந்த மனிதர் தன் கையாலேயே அடித்திருக்கிறார். நாலு, நாலு, நாலு என்று வரி வரியாக அடித்திருக்கிறார். ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தால் போதும். பல்லைப் பற்றி எழுதத் தெரிந்தவருக்கு எண்ணைப் பார்க்கத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மௌனம் நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் அத்தியாயத்தின் மூலப் பதிவைத் திறந்தாள். தேதி, கிழமை, எண், “மௌனம்”. அதன்பின் ஒரு நிமிடம். ஒலியை முழுதும் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். தூரத்தில் ஒரு வண்டி போயிற்று. அத்தையின் மூச்சு. ஒரு சொடுக்கு. பத்து விநாடி. இன்னொரு சொடுக்கு. அந்த ஒரு நிமிடத்தில் ஆறு.

அவள் ஹெட்போனைக் கழற்றி அத்தையின் காதில் மாட்டினாள். அத்தை முழு நிமிடமும் கேட்டாள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள்.

“நான் அப்ப வாயைத் திறக்கவே இல்லையேடி” என்றாள்.

“இல்லை அத்தை.”

“மூடிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன்.”

“ஆமா அத்தை.”

அத்தை நாக்கால் பல் போன இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வழி சுலபமாயிற்று. ஒவ்வொரு பதிவின் தலையிலும் அத்தையின் குரல் தேதி சொன்னது. அண்ணன் மகள் மௌனங்களை மட்டும் கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனாள். பத்தாம் அத்தியாயத்தின் மூன்றாம் பகுதி, ஒரு செவ்வாய்க்கிழமை. அதில் சொடுக்கு இருந்தது. முந்தைய நாள் திங்கட்கிழமைப் பதிவு சுத்தமாக இருந்தது. இடையில் என்ன நடந்தது என்று கணினியின் புதுப்பிப்புப் பட்டியலைப் பார்த்தாள். செவ்வாய் காலை எட்டு மணிக்கு அது தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, யாரையும் கேட்காமல் ஒலிப்பெட்டியின் டிரைவரை மாற்றியிருந்தது. பெட்டி சொல்வதைக் கணினிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் சின்ன நிரல்தான் டிரைவர். பெட்டிக்காகவே எழுதப்பட்ட பழைய நிரலைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அது பெட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பத்து விநாடிக்கு ஒருதரம் ஒரு துளி ஒலியைத் தவறவிட்டது. தவறவிட்ட இடம்தான் சொடுக்கு.

வாசிக்கும்போது அத்தைக்கு அது கேட்காததும் இதனால்தான். அவள் ஹெட்போனை ஒலிப்பெட்டியில் செருகியிருந்தாள். குரல் கணினிக்குள் போகும் முன்பே அவள் காதுக்கு வந்துவிட்டது.

அண்ணன் மகளுக்கு இது நன்றாகப் பழக்கமான விஷயம். நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவர் ஒரு வார்த்தையை விழுங்கினால், நோயாளிதான் உளறுகிறார் என்று குறிப்பில் எழுதுவார்கள். நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் தோன்றாது.

பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தான் சாம்பல் நிறத்தில் உயிரற்றுக் கிடந்தது. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தும் அந்த நிரலை எடுத்துவிட்டிருந்தார்கள். “அந்தப் பெட்டி வாங்கின அட்டைப்பெட்டி எங்கே அத்தை?” என்றாள். அத்தை ஒலிவாங்கியின் அடியைக் காட்டினாள். உயரம் போதவில்லை என்று பதினோரு வருடமாக ஒலிவாங்கி அந்த அட்டைப்பெட்டி மேல்தான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே, உறை பிரிக்காமல், ஒரு குறுந்தகடு. அதைப் போட இந்தக் கணினியில் இடமில்லை. அலமாரி மேலிருந்து மாமாவின் பழைய மடிக்கணினியை இறக்கித் துடைத்து, அதில் போட்டு, பென் டிரைவில் மாற்றி இதற்குக் கொண்டுவந்தாள். கணினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் சாதனத்துக்கான மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது என்றது.

“யாருக்குச் சிறந்தது?” என்றார் மாமா, திரையைப் பார்த்து.

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை வழிக்குக் கொண்டுவர முடிந்தது. புதியதை வேரோடு நீக்கி, பழையதை ஏற்றி, இனிமேல் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது என்று அமைப்பில் குறித்து வைத்தாள். பிறகு குளிர்சாதனப்பெட்டியை அணைத்தார்கள். சாவி உள்ளே போயிற்று. மூன்று பேரும் உள்ளறையில் உட்கார, அத்தை தேதி சொன்னாள், கிழமை சொன்னாள், “மௌனம்” என்றாள்.

கேட்டுப் பார்த்தபோது ஒரு சொடுக்குகூட இல்லை. நாற்பத்தோராவது விநாடியில் மட்டும் ஓர் உறுமல்.

“அது உங்க வயிறு” என்றாள் அத்தை.

“அதுக்கு எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு கேட்டுச் சொல்லு” என்றார் மாமா.

பதினைந்தாம் அத்தியாயத்தை அத்தை இரண்டு காலையில் முடித்து அனுப்பினாள். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. வீக்கம் வடிந்துவிட்டிருந்தும் அத்தை ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டாள்.

“அருமை மேடம். ஒரு சொடுக்கு இல்ல. மிச்சம் மூணையும் நீங்களே முடிச்சுடுங்க” என்றார் தர ஆய்வாளர்.

“சரிங்க. அது கம்ப்யூட்டர்ல இருந்த கோளாறுங்க. டிரைவர் மாறியிருந்துது. எங்க அண்ணன் பொண்ணு கண்டுபிடிச்சா.”

“இருக்கலாம் மேடம். ஆனா பாருங்க, பல்லை எடுத்த பலன் உடனே தெரியாது. புண்ணு ஆறணும்ல. இப்ப ஆறிடுச்சு.”

அத்தை தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உங்க குறிப்பேட்டுல வாய்த் தளர்ச்சின்னு எழுதியிருக்கேன். அது இருக்கட்டும். அடுத்த புத்தகம் குடுக்கும்போது மேல உள்ளவங்க பார்த்து முடிவு பண்ணுவாங்க.”

“அதை எடுக்க முடியாதுங்களா?”

“எழுதினதை எடுக்கிற வழக்கம் இல்ல மேடம்.”

இந்தத் தடவை அத்தை நன்றி சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்தாள். ஒரு பல், இரண்டு மாதம், பதினோரு வருட வாசிப்பு, எல்லாம் சேர்ந்து கடைசியில் அந்த மனிதரின் மருத்துவ வெற்றியாக முடிந்திருந்தது. மூன்று அத்தியாயம் முடிந்ததும் அந்த ஒரு வரி அவளை வீட்டில் உட்கார்த்திவிடும்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடலாம். நூலகத் தலைமைக்கு ஒரு கடிதம் போயிற்று. கூடவே இரண்டு ஒலிக்கோப்புகள்: ஆறு சொடுக்குள்ள ஒரு நிமிட மௌனம், சொடுக்கில்லாத ஒரு நிமிட மௌனம். எண்கள் அடிக்கோடிடப்பட்ட அவர்களுடைய பட்டியலின் நகலும் போயிற்று. இருபது நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: குறிப்பு நீக்கப்பட்டது. வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அடுத்த புத்தகம் வந்தது. அத்தை இடது பக்கம் மெல்லுவதில்லை.

ஆனால் அண்ணன் மகளுக்கு நினைவில் நிற்பது அந்தப் பதில் அல்ல. தொலைபேசியை அணைத்த அன்று பிற்பகல் அத்தை அவளை மேசைக்கு அழைத்து, எதிரே உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினாள். நூலக அலுவலகம் இரண்டு மொழியிலும் கடிதம் கேட்கும். அத்தைக்கு ஒன்றுதான் சரளம்.

“இருபத்திரண்டு வருஷம் மத்தவங்களுக்கு மனு அடிச்சேன்” என்றாள். “‘தாழ்மையுடன்’னு எத்தனை ஆயிரம் தடவை அடிச்சேன்னு கணக்கில்ல. நியாயம் அவங்க பக்கம் இருந்தாலும் அடிப்பேன். அதுதான் முறைன்னு அடிப்பேன்.”

அண்ணன் மகள் பேனாவை எடுத்தாள்.

“நீ ஆஸ்பத்திரியில ஒருத்தர் கோவமா சொன்னதைப் பதமா மாத்திச் சொல்லுவியே, எனக்குத் தெரியும். அந்த வேலையை இதுல பண்ணாதே. நான் சொல்றதை நான் சொல்ற சூட்டோட எழுது. ரெண்டு மொழியிலயும் எழுது. ‘தயவுசெய்து’ மட்டும் ரெண்டுலயும் வேண்டாம்.”